நின்றுபோன இஞ்சினைப் பிள்ளைகளிடம் விடுங்கள்

பொம்மை ரயில் இஞ்சின் ஓடாமல் நின்றுவிட்டால், அதைப் பரணில் போட்டுவிட்டு வேறொன்று வாங்கித் தருவதாகச் சொல்லிப் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது பெற்றோர் பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அன்பினால் செய்யப்படும் இந்தக் காரியம், அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவிருந்த ஓர் அரிய வித்தையை அதன் கையிலிருந்து பறித்துவிடுகிறது என்றே நான் கருதுகிறேன்.

மும்பையின் குர்லாவிலிருந்து இதைச் சொல்வதற்கு விசேஷமான காரணம் உண்டு. 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி, பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து புறப்பட்ட இந்தியாவின் முதல் மின்சார ரயில் வந்து சேர்ந்த இடம் இந்தக் குர்லாதான். தலைக்குமேல் ஓடும் கம்பியிலிருந்து இறங்கிய 1,500 வோல்ட் டி.சி. மின்சாரம், மோட்டாரில் புகுந்து வேலை செய்தபின் தண்டவாளத்தின் வழியாகத் திரும்பிச் செல்லும் அந்த ஏற்பாடு, 2016இல் ஹார்பர் லைன் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறும்வரை, தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பாதையில் நிலைத்திருந்தது. அந்த வண்டிகளைப் பராமரித்த குர்லா கார்ஷெட்டில் தமிழர்களும் உழைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கையிலிருக்கும் இஞ்சினோ, உண்மை அளவில் 87இல் ஒரு பங்காகச் சுருங்கி, 16.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளத்தில் 12 வோல்ட் டி.சி.யில் ஓடுவது; மேற்கம்பி அதற்கு இல்லை, ஒரு தண்டவாளத்தில் வரும் மின்சாரம் மற்றதில் திரும்புகிறது என்பதைத் தவிர, தத்துவம் ஒன்றே.

இஞ்சின் நின்றவுடன் ஸ்குரூ டிரைவரைத் தேடுவது அவசரம். எங்கே நிற்கிறது என்பதே முதல் விசாரணை. சுற்றிவரும்போது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று, விரலால் சற்றுத் தள்ளினால் மறுபடி ஓடுமானால், குற்றம் பெரும்பாலும் பாதையினுடையது. இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் தகட்டு மூட்டு அங்கே தளர்ந்திருக்கும், அல்லது பாதை பிரியுமிடத்திலுள்ள பிளாஸ்டிக் பகுதியில் சக்கரங்கள் மின்சாரம் கிடைக்காமல் அகப்பட்டிருக்கும். எங்கும் திக்கித் திக்கி ஓடி நிற்குமானால், வெள்ளைத் துணி ஒன்றைத் தண்டவாளத்தின்மேல் அழுத்தி இழுத்துப் பாருங்கள். மழைக்கால ஈரமும் குர்லாவின் எல்.பி.எஸ். மார்க் சாலைப் புழுதியும் சக்கரங்களில் எழும் நுண்ணிய தீப்பொறியும் சேர்ந்து படிந்த கருமை, அந்தத் துணியில் கோடாக இறங்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தால் அது போய்விடும். உப்புத்தாளால் தேய்ப்பது கூடவே கூடாது. தேய்த்த அன்று பளபளக்கும், ஆனால் விழுந்த நுண்ணிய கீறல்களிலெல்லாம் முன்னைவிட விரைவாக அழுக்கு குடியேறும்.

பாதை சுத்தமானபின்னும் ஓடவில்லையானால், இஞ்சினை மல்லாக்கக் கிடத்தி, கன்ட்ரோலரிலிருந்து வரும் இரண்டு ஒயர்களையும் இருபக்கச் சக்கரங்களில் தொட வேண்டும். சக்கரங்கள் சுழன்றால் இஞ்சின் நிரபராதி; மறுபடி பாதைக்கே திரும்ப வேண்டும். மோட்டார் முனகியும் சக்கரம் அசையாவிட்டால், பல்சக்கரத்தில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும், அல்லது பிளாஸ்டிக் பல்சக்கரம் அச்சின்மேல் விரிசல் விட்டிருக்கும். முனகலும் இல்லையென்றால், சக்கரத்தின் முதுகை உரசிக்கொண்டிருக்கும் மெல்லிய செம்புத் தகடுகளைக் கவனிக்க வேண்டும். தரையில் கிடந்த தலைமயிரோ ஜமுக்காள நூலோ அச்சில் சுற்றிக்கொண்டு, தகட்டை ஓர் இழையளவு விலக்கிவிட்டாலும் மின்சாரம் அங்கேயே தடைப்பட்டுவிடும்.

இத்தனையும் சரியாக இருந்து, மோட்டாரிலேயே நேராக ஒயரைத் தொட்டும் பயனில்லாதபோதுதான் அதன் உட்பகுதியைத் திறக்க வேண்டும். கம்யூட்டேட்டர் என்னும் செம்பு வளையம் சில துண்டுகளாகப் பிளவுண்டு, துண்டுகளுக்கிடையே சிறு பள்ளங்களோடு சுழலுகிறது. அரிசிக்குருணை போன்ற இரண்டு கார்பன் பிரஷ்கள் ஸ்பிரிங்கின் விசையால் அதன்மேல் அழுந்தித் தேய்ந்துகொண்டே இருக்கின்றன. தேய்ந்த தூள் அந்தப் பள்ளங்களில் நிறைகிறது. நன்மை செய்வதாக நினைத்து அதிகமாக விட்ட எண்ணெயும் அதனோடு கலந்துவிட்டால், கறுப்புச் சாந்துபோல் பள்ளத்தை அடைத்து, பிரிந்திருக்க வேண்டிய துண்டுகளை இணைத்துவிடுகிறது. பல்குத்தும் குச்சியின் நுனியால் அதை மெல்ல எடுத்துவிட்டு, பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றினால், மாண்டதென்று எண்ணிய மோட்டார் பெரும்பாலும் உயிர் பெறுகிறது. குர்லா கார்ஷெட்டுக்கு வந்த பழைய டி.சி. வண்டிகளின் மோட்டார்களிலும் இதே பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் பேருருவில் இருந்தன. இன்றைய மூன்று ஃபேஸ் மோட்டார்களுக்கோ பிரஷ்ஷே கிடையாது. ஆகவே, ஒரு தலைமுறைத் தொழிலாளர் கைகளில் குடியிருந்த அந்த அனுபவம், அவர்கள் ஓய்வு பெறப் பெற ஷெட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. அது வீணாகக் கலைந்துபோவதைக் காண எனக்கு மனம் ஒப்பவில்லை.

புனே நகரின் கோத்ரூடில் உள்ள ஜோஷி சிற்றுருவ ரயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது நல்லதே. ஆனால் ஓடுவதைப் பார்ப்பது வேறு, ஓடாததை ஓடச் செய்வது வேறு. பாதையா இஞ்சினா, தகடா மோட்டாரா என்று ஒவ்வொரு பரீட்சையிலும் சந்தேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும் அப்பியாசத்தை, மின்சுற்றின் படத்தைக் கரும்பலகையில் நூறு தரம் வரைந்தாலும் கொடுத்துவிட முடியாது.

மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு வட்டத் தண்டவாளமும் ஓர் இஞ்சினும் ஒரு மல்டிமீட்டரும் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. உதிரிப் பாகங்களைப் பழைய சாமான் கடைகளிலும் லாமிங்டன் ரோட்டிலும் தேடிப் பெறலாம். வாரத்தில் ஒரு மாலை, ஓய்வு பெற்ற ஷெட் தொழிலாளர் ஒருவரை அழைத்து, சிறு மரியாதைத் தொகையும் கொடுத்து, வகுப்பை அவரிடம் ஒப்படைக்கலாம். 230 வோல்ட்டோடு சம்பந்தப்பட்ட டிரான்ஸ்ஃபார்மரைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது. அது ஆசிரியர் பொறுப்பில் இருக்கட்டும். மற்றவையனைத்தும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே இதைத் தொடங்கிவிடலாம்; தண்டவாளத்தைக் கறுக்கவைக்கும் வேலையைக் குர்லாவின் மழையே பார்த்துக்கொள்ளும்.