புகார் ஏதும் இல்லைங்க

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் இணையதளத்தைத் திறந்தால் மேலே வலது மூலையில் ஒரு குட்டி உலக உருண்டை இருக்கும். அதை அமுக்கினால் மொழிகள் விரியும். ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு. அப்புறம் தமிழ், இந்தி. சமீபகாலமாக ஒடியாவும் வங்காளமும். கீழே உருட்டிக்கொண்டே போனால் 'தொழிலாளர் குறைதீர்ப்பு' என்று ஒரு பக்கம், அதில் ஒரு ஃபார்ம். பெயர், செல்போன் நம்பர், என்ன பிரச்சினை, அனுப்பு. இதே பக்கத்துக்கான க்யூஆர் கோடு கேன்டீன் சுவரிலும் ஒட்டியிருக்கும்.

ஆங்கிலப் பக்கத்து ஃபார்ம் வேலை செய்யும். மற்ற மொழிகளில் இருப்பவை, நான் திறந்து நிரப்பிப் பார்த்த அளவில், பெரும்பாலும் சுவரில் வரைந்த கதவுகள்.

"ஆறு மாசத்துல ஒரு புகார் கூட வரலைங்க தம்பி. நம்ம ஆளுங்க சந்தோசமா இருக்காங்க" என்று ஒரு மனிதவள மேலாளர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். கம்பெனி பெயர் வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய இன்பாக்ஸ் நிஜமாகவே காலி. ஆனால் நாலு பேர் இருக்கிற வீட்டிலேயே வாரத்துக்கு ரெண்டு புகார் வரும். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற, நூற்றுக்கணக்கானவர்கள் ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் நிற்கிற, பாதிப் பேர் கம்பெனி ஹாஸ்டலில் தூங்குகிற ஓர் இடத்தில் ஆறு மாதம் பூஜ்யம் என்றால் என் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயோ ஒயர் அறுந்திருக்கிறது.

இலக்கிய இதழில் ஃபார்ம் பற்றி எதுக்கு என்று கேட்பீர்கள். ஒரு ருஷ்ய நாவலின் மொழிபெயர்ப்பில் இரண்டு பத்தி விடுபட்டால் மூன்று மாதம் சண்டை போடுகிற கூட்டம் நாம். ஒரு பெண் தனக்கு நடந்ததை எழுதி அனுப்புகிறாள், அது முழுசாக விடுபட்டுப் போகிறது. அதற்கும் கொஞ்சம் சண்டை போடலாம்.

எப்படி அறுகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். 'அந்தப் புள்ளைங்களுக்கு ஃபார்ம் நிரப்பத் தெரியல' என்ற பேச்சு அங்கே இருந்துதான் கிளம்புகிறது.

கட்டிங் டேபிளில் வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாகக் கட்டி ஒவ்வொன்றிலும் ஒரு பண்டல் டிக்கெட் போடுவார்கள். ஸ்டைல் நம்பர், சைஸ், எத்தனை பீஸ். டெய்லர் தமிழரா பீகாரியா என்று பார்த்து டிக்கெட் நம்பரை யாரும் மாற்றி எழுதுவதில்லை. மாற்றினால் கை ஒரு லைனுக்கும் உடம்பு இன்னொரு லைனுக்கும் போய்விடும். ஃபார்மிலும் அப்படித்தான். மனிதர் படிக்க ஒரு முகம், மெஷின் படிக்க ஒரு டிக்கெட். 'என்ன பிரச்சினை' என்று கேட்கும் பட்டியலில் சம்பளம், ஓவர்டைம், ஹாஸ்டல், பாலியல் தொல்லை என்று நாலு வரி. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் மாறாத ஒரு மதிப்பைத் தனியாக எழுதி வைக்க வேண்டும். எழுதாமல் விட்டால் கண்ணில் தெரிகிற சொல்லே மதிப்பாகப் போகும். ஹெச்டிஎம்எல் விதியே அதுதான். ஆங்கிலத்தில் சோதிக்கிறவரை ஒரு பிரச்சினையும் தெரியாது. கூகுள் வந்து அந்தச் சொல்லை ஒடியாவாக மாற்றியதும் சர்வருக்கு ஒடியாச் சொல் போகிறது. சர்வரோ நாலு ஆங்கிலச் சொற்களை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. தெரியாத சொல் என்று ஒன்று திருப்பி அனுப்பும், இல்லையென்றால் 'இதர' என்ற குப்பைக்கூடையில் போடும். பாலியல் தொல்லைப் புகார் 'இதர'வில் கிடக்கும்.

அடுத்தது பெயர்க் கட்டம். ஏ முதல் இசட் வரை மட்டும் அனுமதி என்று எழுதுகிற கூட்டம் இன்னும் இருக்கிறது. அவர்களை விடுங்கள். 'நாங்க எல்லா மொழியையும் ஏத்துக்கிறோம்' என்கிற கொஞ்சம் படித்த கூட்டம் இன்னும் சுவாரசியம். அவர்கள் எந்த மொழியின் 'எழுத்து'ம் வரலாம் என்று விதி வைப்பார்கள். யூனிகோடு கணக்கில் க, ச, த எழுத்து. ஆனால் புள்ளியும் கொம்பும் கொக்கியும் 'எழுத்து' வகையில் வராது, 'குறி' என்ற வேறு வகை. ஆக, 'செல்வி' என்று அடித்தால் அதில் மூன்று எழுத்து, மூன்று குறி. சில ஃபார்ம் 'தவறான பெயர்' என்று சிவப்பில் கத்தும். இன்னும் மரியாதையான சில ஃபார்ம், வேண்டாததைச் சுத்தம் செய்துவிட்டு 'சலவ' என்று சேமித்துக்கொள்ளும். தேவநாகரிக்கும் ஒடியாவுக்கும் வங்காளத்துக்கும் இதே கதிதான். விதியில் குறி வகையையும் சேர்க்க ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தை யாரும் செலவழிக்காததற்குக் காரணம், எழுதுகிறவர் தன் சொந்தப் பெயரைச் சொந்த எழுத்தில் அந்தக் கட்டத்தில் ஒருமுறைகூட அடித்துப் பார்த்ததில்லை. தமிழ்ப் பிள்ளைதான். ஊர் காங்கேயமோ அவிநாசியோ. டெஸ்ட் டேட்டா மட்டும் எப்போதும் 'ஜான் டோ'.

மூன்றாவது, பட்டன் செத்துப்போவது. பிரவுசர் மொழிபெயர்க்கும்போது பக்கத்தில் உள்ள ஒவ்வொரு சொல்துண்டையும் பிடுங்கி, புதுசாக ஓர் உறையில் போட்டு ஒட்டுகிறது. ரியாக்ட் போன்ற நிரலகங்களில் எழுதிய பக்கம், தான் வைத்த துண்டு வைத்த இடத்திலேயே இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கும். தேடிப் போனால் இருக்காது. பக்கம் விழுந்துவிடும். இது பல வருஷமாக ஊரறிந்த பிழை. பார்க்கிறவருக்குத் தெரிவது ஒன்றுதான்: அமுக்கினேன், ஒண்ணும் ஆகல.

இன்னும் உண்டு, சுருக்கமாக. ஃபார்மோடு ஒரு தற்காலிகச் சாவி வரும். வேர்ட்பிரஸ்ஸில் அதிகபட்சம் ஒரு நாள்தான் அதற்கு ஆயுள். ஆங்கிலப் பக்கத்தை அடிக்கடி திருத்துவதால் அதன் நகல் புதுசாகிக்கொண்டே இருக்கும். ஒடியாப் பக்கத்தை யார் தொடுகிறார்கள்? வாரக்கணக்கில் பழைய நகல், காலாவதியான சாவி. ஆங்கில ஃபார்மைப் பிரதி எடுத்து மொழிக்கொன்றாகச் செய்திருந்தால், பிரதியில் பெறுநர் முகவரி வேலையை முடித்துவிட்டுப் போன டெவலப்பரின் சோதனை முகவரியாகவே நிற்கும். எல்லாவற்றிலும் கொடுமை இதுதான். 'உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி' என்று அழகான ஒடியாவில் திரையில் வரும். யாருக்கும் கிடைத்திருக்காது.

2013ஆம் வருஷத்து பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரச் சொல்கிறது. காரணம் காட்டினால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவர்களுக்கு எழுத உதவ வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சட்டம் உதவச் சொல்கிற இடத்தில் நம் ஃபார்ம் 'இன்வேலிட் இன்புட்' என்கிறது. அந்த நன்றிச் செய்தியை நம்பிக் காத்திருக்கும் பெண்ணுக்கு ஓடுவது அந்த மூன்று மாதம்.

இதெல்லாம் யாருக்காகக் கட்டப்பட்டது என்று பார்த்தால் கோபம் இன்னும் ஏறும். ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. பெரிய நிறுவனங்கள் புகார் வழிமுறை வைத்தே ஆக வேண்டும், சப்ளையர் கம்பெனித் தொழிலாளியும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். நல்ல சட்டம். பயர் கேட்டார், மெர்ச்சண்டைசர் தலையாட்டினார், கம்பெனி ஒரு சின்ன ஸ்டூடியோவிடம் கொடுத்தது, ஸ்டூடியோ ஒரு ப்ளக்இன்னைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. ஆடிட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்து 'பன்மொழிக் குறைதீர்ப்பு: உண்டு' என்று டிக் அடித்தார். அந்த டிக்கின் மதிப்பு தெரிய வேண்டுமானால் கராச்சியைப் பாருங்கள். அலி என்டர்பிரைசஸ் ஆலை எஸ்ஏ8000 சான்றிதழ் வாங்கிய சில வாரங்களில், 2012 செப்டம்பர் 11 அன்று, தீயில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

முடியாத வேலை என்று யாரும் சொல்ல வேண்டாம். இதே ஊரில் ஏற்றுமதி கம்பெனிகளில் தையல் ஊசி ஒன்று உடைந்தால் மெஷினை நிறுத்துவார்கள். உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்து, ஒன்றாகப் பொருத்திப் பார்த்து, ரெஜிஸ்டரில் ஒட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி. துண்டு கிடைக்காவிட்டால் அந்தக் கட்டு பீஸ் அத்தனையும் சோதனைக்குப் போகும். ஐரோப்பாவில் ஒரு குழந்தைக்குக் குத்திவிடக் கூடாது. சரிதான். ஊசித் துண்டுக்கு ரெஜிஸ்டர் இருக்கிற ஊரில் தொலைந்த புகாருக்கு ஒரு லாக் ஃபைல் இல்லை.

'அவங்க எங்கங்க வெப்சைட் எல்லாம் பாக்கறாங்க, சூப்பர்வைசர்கிட்ட சொல்லிக்குவாங்க' என்பது அடுத்த பதில். புகாரே சூப்பர்வைசர் மேல் என்றால்? 2021 ஜனவரியில் திண்டுக்கல் அருகே நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த ஜெயஸ்ரீ கதிரவேல் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். அதன் பிறகு தொழிலாளர்கள் பெற்றது இன்னொரு ஃபார்மை அல்ல. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் எச்&எம் முதலான பிராண்டுகளும் 2022இல் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தத்தின்படி, தொழிலாளர்களே பயிற்சி பெற்று லைனில் கண்காணிப்பாளர்களாக நின்றார்கள். பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியிடம் சொல்ல முடிந்தது. ஃபார்மைவிட அது மேல் என்றால் நான் எதிர்க்க மாட்டேன். ஃபார்மை எடுத்துவிடுங்கள். ஓடாத ஃபார்மை வைத்துக்கொண்டு 'வழிமுறை உண்டு' என்று எழுதுவதுதான் மோசடி.

மொழிப்பற்று உள்ளவர்களிடமும் ஒரு வார்த்தை. 1965ஐ மறக்காத மாநிலம் இது. 1999இல் மாநாடு கூட்டித் தமிழுக்கு விசைப்பலகை முடிவு செய்தோம், 2010இல் அரசு யூனிகோடை ஏற்றது. கணினியில் நம் எழுத்து ஒழுங்காகத் தெரிய எவ்வளவு வாதாடியிருக்கிறோம். கூகுள் மொழிபெயர்ப்பில் ஒடியா சேர்ந்ததே 2020 பிப்ரவரியில். போஜ்புரியும் மைதிலியும் 2022இல். அவர்கள் இப்போது நிற்கிற இடத்தில் நாம் நேற்று நின்றோம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர்களை அடிக்கிறார்கள் என்ற பொய் வீடியோக்கள் பரவியபோது, போலீஸும் மாவட்ட நிர்வாகமும் இந்தி தெரிந்தவர்களை வைத்து உதவி எண் திறந்தார்கள், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூர் வரை வந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் அவர்கள் மொழி ஞாபகம் வந்தது, ஆர்டர் நின்றுவிடுமே என்று. பீதி அடங்கியதும் உருண்டை ஐகான் போதும் என்றாகிவிட்டது.

என் தொழில்காரர்களுக்கு: பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் மாறாத மதிப்பு எழுதுங்கள். தொடக் கூடாத இடத்தில் மொழிபெயர்க்காதே என்று குறி போடுங்கள், அதற்கென்றே ஒரு பண்பு ஹெச்டிஎம்எல்லில் இருக்கிறது. குறைதீர்ப்புப் பக்கத்தை மட்டுமாவது ஒரு ஒடியாக்காரரிடம் காசு கொடுத்து எழுதி வாங்குங்கள், ஹாஸ்டலிலேயே பத்துப் பேர் கிடைப்பார்கள். தேடல் வேண்டாம்.

ஆடிட்டர்களுக்கு: அடுத்த முறை 'புகார் ஏதும் இல்லைங்க' என்று யாராவது சொன்னால், ஒடியாப் பக்கத்தைத் திறந்து, ஒடியாவில் ஒரு பெயர் அடித்து, பட்டியலில் கடைசி வரியைத் தேர்ந்து, அனுப்புங்கள். திரையில் வரும் நன்றியைப் பார்க்க வேண்டாம். அந்த மெயில் யாருடைய பெட்டிக்கு, எத்தனை மணிக்கு வந்தது, எந்தத் தலைப்பில் வந்தது என்று அங்கேயே உட்கார்ந்து கேளுங்கள். டீ வரும். குடித்துக்கொண்டே காத்திருங்கள்.