பாடையிலிருந்து பார்த்த பாரதி

மும்பை மான்குர்த்தில் எங்கள் வீட்டு டிவியில் ‘பாரதி’ படம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மராத்திப் பெரியவர், முண்டாசுக்கும் முறுக்கு மீசைக்கும் நடுவே இருந்த முகத்தைச் சட்டென்று கண்டுகொண்டார்: “அட, நம்ம சயாஜி ஷிண்டே!” வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மொழி புரியாமல் அரைமணி நேரம் பார்த்தவர், “உங்கள் கவி எப்படி இறந்தார்?” என்றார். “கோயில் யானை தள்ளிவிட்டது, காகா” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

யானை பாரதியைக் கொல்லவில்லை. திருவல்லிக்கேணியில் அது தள்ளியபோது நண்பர் குவளைக்கண்ணன் பாய்ந்து அவரை மீட்டார். காயம் ஆறி, பாரதி ‘சுதேசமித்திரன்’ பத்திரிகை வேலைக்குத் திரும்பினார். 1921 ஜூலை 31 அன்று ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலை விழாவில், மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசினார். திரும்பி வந்து அந்தப் பயணத்தைப் பற்றி மித்திரனில் கட்டுரையும் எழுதினார். செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு, மருந்து குடிக்க மறுத்தார். 11ஆம் தேதி நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. 39 வயது நிரம்பவில்லை. சுடுகாட்டுக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை.

ஞான ராஜசேகரன் 2000ஆம் ஆண்டில் எடுத்த படம் அந்த இறுதி ஊர்வலத்தில்தான் தொடங்குகிறது. தேசிய விருது பெற்ற படம்; ஷிண்டேயின் கண்கள் இன்றும் என்னை உலுக்குகின்றன. ஆனால் பாடையிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது, வாழ்ந்த ஒவ்வொரு நாளும் சாவுக்குப் போகும் வழியாகிவிடுகிறது. வறுமைக்கு ஒரு புனிதம் வந்து ஒட்டிக்கொள்கிறது. நாம் கண்ணீர் விட்டு, கடன் தீர்ந்ததாக எழுந்து போகிறோம்.

ஈரோட்டுப் பேச்சுக்கும் மரணத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு வாரம். அந்த ஆறு வாரமே ஒரு படம். ரயிலேறி ஈரோடு போன பத்திரிகைக்காரர், கூட்டத்தின் எதிரே நின்ற மெலிந்த உடம்பு, மறுபடி மேசை, மை, அச்சுக்குப் போகவேண்டிய பக்கம். சாகப்போகிறவராக அல்ல, மறுநாள் வேலைக்குப் போகவேண்டியவராக அவரைக் காட்டும் படம்.

டால்ஸ்டாயின் கடைசி நாட்களைச் சொல்லும் ‘தி லாஸ்ட் ஸ்டேஷன்’ (2009) அழுகையை மட்டும் நம்பவில்லை. எழுத்தின் உரிமை குடும்பத்துக்கா, மக்களுக்கா என்று மனைவி சோஃபியாவும் சீடர் செர்ட்கோவும் மோதுவதே அதன் உயிர். நம்மிடமும் அந்தக் கதை உண்டு. கணவர் போன பிறகு நூல்களை அச்சேற்றப் போராடிய செல்லம்மா, கைமாறிய உரிமைகள், 1949இல் அவற்றைப் பெற்ற அரசு. இதை ஏன் இன்னும் ஒருவரும் எடுக்கவில்லை?

வறுமையில் மறைந்த எழுத்தாளர் பக்கத்து வீட்டுப் பெரியவரின் மொழியிலும் உண்டு. எங்கள் பக்கத்துக் குடியிருப்பின் பெயர் சாட்டே நகர். ‘ஃபகிரா’ நாவலை எழுதிய தலித் எழுத்தாளர் அண்ணாபாவ் சாட்டேயின் பெயர். அவரும் 1969இல் இந்த மும்பையிலேயே வறுமையில் இறந்தார். பெரியவருக்கு அவர் பாடல்கள் மனப்பாடம்.

மறுநாள் அவரிடம் திருத்திச் சொன்னேன்: “யானை இல்லை காகா, வயிற்றுக்கடுப்பு.”

“கடைசிவரை எழுதினாரா?”

“ஆறு வாரம் முன்னால் ஈரோடு போய்வந்து, அதையும் எழுதினார்.”

“அதைப் படத்தில் காட்டினார்களா?” என்று கேட்டார்.