வாயில் திறந்தால் போதுமா?

தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் மக்களின் நெஞ்சம் இன்றும் கொதிக்கின்றது. கொதிப்பதற்குக் காரணம் உண்டு. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியின்போது, பேராதனைப் பொறியியற் பீடத்திற் சேரச் சிங்கள மொழி மூலம் பரீட்சை எழுதிய மாணவனுக்கு 227 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ் மொழி மூலம் எழுதியவனுக்கோ 250 புள்ளிகள் வேண்டப்பட்டன. பாடம் ஒன்று, பரீட்சை ஒன்று, மொழி மட்டுமே வேறு. அந்த மொழியே குற்றமாயிற்று. 1973இல் புள்ளிகளையே தரப்படுத்தும் முறையும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் தொடர்ந்தன. பொறியியற் பீடங்களில் 1970-71இல் நூற்றுக்கு 40.8 ஆக இருந்த தமிழ் மாணவர் விகிதம் 1973இல் 24.4 ஆகவும், 1974இல் 16.3 ஆகவும் வீழ்ந்தது.

இந்த அடி ஏன் இத்துணை ஆழமாகப் பாய்ந்தது? 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அரசாங்க எழுதுவினைஞர் உத்தியோகத்தின் கதவைத் தமிழ் இளைஞனுக்கு அடைத்துவிட்டது. ஆறுகளில்லாத குடாநாட்டிலே, கிணற்று நீரை நம்பிப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட கமக்காரன், தன் மகனுக்கு எஞ்சியிருந்த ஒரே வழி விஞ்ஞானக் கல்வியே என்று கண்டான். காணியை ஈடுவைத்துப் படிப்பித்தான். அவ்வழியும் அடைபட்டபோது இளைஞர் சமுதாயம் நம்பிக்கை இழந்தது. அதன் விளைவை இந்நாடு பின்னர் இரத்தத்தால் அளந்தது.

1977இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் மொழிவாரித் தரப்படுத்தலைக் கைவிட்டது. மாவட்ட முறையோ நிலைத்துவிட்டது. இன்று அனுமதியில் நூற்றுக்கு 40 பங்கு நாடளாவிய திறமைக்கும், 55 பங்கு சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கும், 5 பங்கு கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் உரியன. இம்முறையை முற்றாக ஒழிக்க வேண்டுமென வாதிடும் அன்பர்கள் நம்மிடையே இன்றும் உளர். அவர்களுடைய மனக்குறையை நான் மதிக்கின்றேன். அவர்களுடைய முடிவை ஏற்க மாட்டேன். மொழியைக் காரணமாகக் காட்டி ஒருவனைத் தள்ளுவது பாரபட்சம். வசதியற்ற இடத்திற் பிறந்தவனுக்குக் கைகொடுப்பது நீதி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது சட்ட அறிவுக்கும் பொருந்தாது, அறத்திற்கும் பொருந்தாது. சமமற்றோரைச் சமமாக நடத்துவதும் ஒருவகை அநீதியே. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் கிளிநொச்சியிலும் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் இன்று இம்முறையாலேயே பல்கலைக்கழக வாயிலை எட்டுகின்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆனால், வாயிலைத் திறந்தால் மட்டும் போதுமா? அதுவரை வந்துசேரப் பாதை வேண்டாமா? இந்நாட்டில் அரசாங்கப் பாடசாலைகள் ஏறத்தாழப் பத்தாயிரம். உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் பாடசாலைகள் ஏறத்தாழ ஆயிரமே. எஞ்சிய பாடசாலைகளில் உள்ள பிள்ளை, எத்துணை கூரிய அறிவு படைத்ததாயினும், ஊரைவிட்டு வெளியேறினாலன்றிப் பொறியியலாளனாக முடியாது.

மலையகத்தைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரசாவுரிமை மறுக்கப்பட்ட அம்மக்களின் தோட்டப் பாடசாலைகள் 1970களிலேதான் அரசாங்கத்தின் பொறுப்பிற்கு வரத் தொடங்கின. தோட்டத்து லயத்திலே வாழும் பிள்ளைக்கும், அதே நுவரெலியா மாவட்டத்து நகரப் பாடசாலையில் ஆய்வுகூடமும் தனி வகுப்பும் பெற்றுப் படிக்கும் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றே. சட்டம் மாவட்டத்தை அறியும்; பிள்ளையை அறியாது. மாவட்டத்தின் வறுமையைக் காட்டிப் பெற்ற இடம் அம்மாவட்டத்து வசதியுள்ளவனுக்கே போய்ச் சேருமாயின், ஒதுக்கீடு எவருக்காக?

அரசாங்கத்தை நோக்கி இக்கேள்வியை எழுப்பும் நாம், நம் வீட்டையும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். 1929ஆம் ஆண்டையொட்டி, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டும் என்ற கட்டளை வந்தபோது, யாழ்ப்பாணத்திலே அதை எதிர்த்தவர்கள் நம்மவர்களே. அக்காலத்திற் பாடசாலைகளும் தீக்கிரையாயின. வாங்கில் இடம் மறுத்த சமுதாயம், பல்கலைக்கழகத்தில் இடம் மறுக்கப்பட்டபோதுதான் சமத்துவத்தின் அருமையை உணர்ந்தது. அந்த உணர்வு முழுமை பெற்றுவிட்டதா? நாட்டின் பல்கலைக்கழக மாணவருட் பெண்களே பெரும்பான்மையினராயினும், பொறியியற் பீடங்களில் அவர்கள் இன்னும் சிறுபான்மையினரே. பெண்பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்கும் பெற்றோரைத் தடுக்க எந்தச் சட்டத்தால் முடியும்? வன்னிக்கு மாற்றம் கிடைத்ததும் அதை நீக்குவிக்க அரசியல்வாதியின் வீட்டு வாயிலில் நிற்கும் ஆசிரியர்களும் நம்மவர்களல்லரோ?

சட்டத்தின் நிலையையும் இங்கு கூறுதல் தகும். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மொழி, சாதி, பால், பிறப்பிடம் முதலிய காரணங்களாற் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. 27ஆம் உறுப்புரை எல்லா மட்டங்களிலும் கல்விக்குச் சமவாய்ப்பை அரசின் குறிக்கோளாக வகுத்துள்ளது. ஆனால் 29ஆம் உறுப்புரையோ, அக்குறிக்கோளை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாதெனக் கூறிவிடுகின்றது. ஆதலால் ஆய்வுகூடமில்லாத பாடசாலையின் பிள்ளைக்கு நீதிமன்றம் மட்டும் கதியாகாது. மக்களின் ஒன்றுபட்ட கோரிக்கையே கதி.

அக்கோரிக்கை தெளிவாக இருத்தல் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும், பிள்ளைகள் அன்றாடம் சென்றுவரக்கூடிய தூரத்தில், இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆகியவற்றுக்கு ஆசிரியரும் ஆய்வுகூடமும் உள்ள உயர்தரப் பாடசாலை அமைய வேண்டும். பின்தங்கிய இடங்களிற் பணியாற்றும் விஞ்ஞான ஆசிரியருக்கு வீடும் மேலதிகப் படியும் வழங்கப்பட வேண்டும். ஒதுக்கீட்டைக் கணிக்கும்போது மாவட்டத்தோடு பாடசாலையின் நிலைமையும் நோக்கப்பட வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. போர் தின்ற மண்ணில் அது எழுந்து நிற்பது நமக்குப் பெருமையே. ஆயினும் அதன் மதிலுக்கு வெளியே, வயல் வரம்பில் நிற்கும் கமக்காரனின் மகளுக்கு அதனுள்ளே நுழைய வழியில்லையேல் அப்பெருமை அரைப்பெருமையே. பொறியியலாளர்களே, வைத்தியர்களே, ஓய்வுபெற்ற ஆசிரியர்களே! மாதத்தில் இரண்டு நாளாவது ஒரு பின்தங்கிய பாடசாலைக்குச் சென்று கற்பியுங்கள். கமக்காரப் பெருமக்களே! பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குச் சென்று, விஞ்ஞான ஆசிரியர் எங்கே என்று கேளுங்கள். மகனுக்குக் கேட்பதுபோல் மகளுக்கும் கேளுங்கள். நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை நினைவில் வைத்திருப்பது கடமை. அதை நம்மிலும் எளியவனுக்கு நாம் இழையாதிருப்பது அதனினும் பெரிய கடமை.