பத்தியம் எப்போது முடியும்?

பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "பத்தியம் முடிஞ்சிருச்சா?" சித்த மருத்துவர் மருந்து கொடுக்கும்போது புளியை விடு, கத்தரிக்காயை விடு என்பார், எத்தனை நாளைக்கு என்பதையும் கூடவே சொல்லிவிடுவார். மருந்து முடிந்தால் பத்தியமும் முடிந்தது. நம் வீடுகள் அறிந்த பத்தியத்துக்கு எப்போதும் ஒரு கடைசி நாள் இருந்தது. அதை ஆயுசுக்கும் இருந்து காட்டு என்று எந்தப் பாட்டியும் பேத்தியிடம் சொன்னதில்லை.

இன்று சொல்கிறார்கள். சோற்றைத் தொடாதே, இட்லியைத் தொடாதே, மாம்பழத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதே என்று முடிவு நாளே இல்லாத பத்தியம் ஒன்றை எழுதிக்கொடுத்து, அதற்கு டயட் என்று பெயர் வைத்து, இருக்க முடியாதவரிடம் "உனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை" என்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில், அலுவலக மதியச் சாப்பாட்டு மேசையில், யூடியூபில், பந்தியில் பக்கத்து இலையில் இருப்பவர்வரை எல்லோரும் இதையே நம்புகிறார்கள்: வாயைக் கட்டினால் உடம்பு தேறும், கட்ட முடியாதது மனசின் பலவீனம். இந்த நம்பிக்கை தவறு. சமைக்கிற பெண்கள் விஷயத்தில் அநியாயமும்கூட.

என் அத்தைக்குச் சர்க்கரை என்று தெரியவந்தபோது மருத்துவமனையில் கையில் ஒரு சார்ட் கொடுத்து அனுப்பினார்கள். காலையில் ஓட்ஸ், மதியம் சோறு இல்லாமல் வேகவைத்த காய், இரவு ஒரு கிண்ணம் சாலட். அறுபது வயதை நெருங்கும்வரை ஓட்ஸைப் பார்த்தே இராதவர் அவர். ஆனாலும் நாற்பது நாள் அட்சரம் பிசகாமல் இருந்தார். வீட்டில் மற்றவர்களுக்குத் தனியாகச் சமைத்துப் பரிமாறிவிட்டு, இவர் மட்டும் அடுப்படியில் நின்றபடி வெள்ளரிக்காய் தின்றார். பிறகு ஒரு கல்யாணம் வந்தது. ஒரு லட்டு சாப்பிட்டார். "எல்லாம் கெட்டுப்போச்சு, இனி என்ன" என்று அன்று இரவே பரோட்டா. மறுநாள் முதல் சார்ட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்த தடவை போனபோது அங்கே கிடைத்த வார்த்தை: "உங்களுக்குக் கட்டுப்பாடே இல்லைம்மா." வீட்டுக்கு வந்து அழுதார். நாற்பது நாள் பட்டினி கிடந்த ஒரு மனுஷியைப் பார்த்துக் கட்டுப்பாடு இல்லை என்று சொன்ன அந்தச் சொல்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

ஒரு லட்டுக்குப் பிறகு நடந்ததை அத்தையின் குணம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவிகளுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், பிறகு ஐஸ்கிரீமை எதிரில் வைத்து வேண்டுமளவு சாப்பிடச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், வயிறு ஏற்கெனவே நிறைந்திருந்ததால் குறைவாகச் சாப்பிட்டார்கள். வழக்கமாக வாயைக் கட்டுகிறவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விரதம் முறிந்துவிட்டது, இனி எவ்வளவு தின்றால் என்ன என்ற கணக்கு. தடை எங்கே கடுமையோ அங்கேதான் உடைப்பும் பெரிதாக இருக்கிறது. ஏரிக்கரையைக் காத்தவர்களிடம் கேட்டால் காரணம் சொல்வார்கள்: மிகுந்த நீர் வழியக் கலங்கு வைக்காத கரை நிற்காது.

மனசு ஒரு பக்கம் இருக்கட்டும். உடம்பு என்ன செய்கிறது? இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். போரில் துப்பாக்கி தூக்க மறுத்து, அதற்குப் பதிலாக இந்தச் சோதனைக்குத் தாங்களாக வந்தவர்கள். 1945இல் 24 வாரங்கள் அவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,600 கலோரி மட்டும் கொடுத்தார்கள். உடல் எடையில் கிட்டத்தட்ட கால்பங்கு போய்விட்டது. கூடவே வேறு சிலவும் போயின: சிரிப்பு, நட்பு, பெண்கள் மீதான நாட்டம், படிப்பில் கவனம். நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. தட்டை நக்கினார்கள். சமையலே தெரியாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். உணவைத் திருப்பிக் கொடுத்த பிறகும் பசி அடங்கவில்லை. இழந்ததைவிட அதிகக் கொழுப்பு உடம்பில் சேர்ந்தது. இவர்கள் மனத்திடம் இல்லாதவர்களா? கொள்கைக்காக ஊராரின் ஏச்சைத் தாங்கியவர்கள். பட்டினி என்று கண்டவுடன் உடம்பு அதற்குத் தெரிந்த வேலையைச் செய்தது, அவ்வளவுதான். நம் ஊரில் பெண்களுக்கு எழுதிக் கொடுக்கும் சார்ட்டுகளில் 1,200 கலோரி என்ற எண்ணைச் சர்வசாதாரணமாகப் பார்க்கிறேன். உடல் அளவு வேறு, உண்மைதான். ஆனால் பசியின் இயல்பு வேறில்லை.

எடையைப் போட்டியாக்கிய அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் போட்டியாளர்கள் 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு அளந்து பார்த்தது. முடிவு 2016இல் வெளியானது. 13 பேருக்கு எடை திரும்பியிருந்தது. அவர்கள் உடம்பு ஓய்வில் செலவழிக்கும் ஆற்றல், இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. ஆறு வருடம் கழித்தும் அந்த உடம்பு பஞ்சத்தை மறக்கவில்லை.

எதிர்த்தரப்பில் வலுவான ஒரு சான்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். பிரிட்டனில் நடந்த டைரக்ட் என்ற ஆய்வில் சர்க்கரை நோயாளிகளுக்கு 3 முதல் 5 மாதம் வெறும் 850 கலோரி அளவில் உணவு மாற்றுப் பானங்களைக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் சர்க்கரை நோயிலிருந்து விலகி நின்றார்கள். பெரிய வெற்றிதான். ஆனால் அது மருத்துவரின் கண்காணிப்பில், குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் நடந்தது. பிறகு சாதாரண உணவுக்குப் படிப்படியாகத் திரும்பவைத்து, நீண்ட காலம் கூடவே நின்றார்கள். கடைசி நாள் குறித்த பத்தியம் அது. இரண்டாம் ஆண்டில் அந்த 46 என்பது 36 ஆகியது. எழுதிக் கொடுத்துக் கைகழுவி விடும் சார்ட்டுக்கு இதைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. சிறுநீரகம் பழுதானவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்வதையும் நான் எதிர்க்கவில்லை. அது மருத்துவம்.

நம் கைக்கெட்டும் இன்னொரு சான்று சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டது. ஒரு பிரிவினருக்குச் சொன்னது எளிமையானது: தினம் அரைமணி நேரம் நட, சர்க்கரையை, மாவுப் பண்டத்தை, எண்ணெயைக் குறை, நார்ச்சத்துள்ளதைக் கூட்டு. பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. இந்தப் பிரிவினரில் நூற்றுக்கு 39 பேருக்கு. இதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொன்று: இவர்கள் எடையில் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை. எடை மெஷினில் ஏறி நின்று பார்த்திருந்தால், "ஒன்றும் நடக்கவில்லை" என்று மூன்றாம் மாதமே விட்டிருப்பார்கள். நோய் தள்ளிப்போனது முள்ளில் தெரியவில்லை.

சோறு குற்றவாளி இல்லையா என்று கேட்பார்கள். நாம் சோற்றை அளவுக்கு மேல் சாப்பிடுகிறோம், அதில் சந்தேகமில்லை. இந்தியர்களின் அன்றாட ஆற்றலில் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. ஆனால் அதற்கு மருந்து சோற்றை விரட்டுவதா? நம் பேச்சிலேயே விடை இருக்கிறது. பொரியலையும் கூட்டையும் "தொட்டுக்க" என்கிறோம். "தொட்டுக்க என்ன இருக்கு?" சொல்லுக்கேற்றபடி தொட்டுக்கொள்ளத்தான் செய்கிறோம்: மலைபோல் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பீன்ஸ். அந்த ஒரு கரண்டி மூன்று கரண்டி ஆனால் சோறு தானாகக் கீழிறங்கும். பருப்புக் கெட்டியாக, கீரைக்குத் தட்டில் தனி இடம், முதல் கவளத்துக்கு முன் கொஞ்சம் சுண்டல். விலக்கப்பட்டது எதுவும் இல்லை, ஆகவே முறிப்பதற்கும் எதுவும் இல்லை.

இதைச் சொல்வது சுலபம், செய்யவிடாமல் தடுப்பது மனத்திடக் குறைவு இல்லை. தமிழ்நாட்டு ரேஷனில் அரிசி 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. காய்க்கும் கீரைக்கும் எந்த அட்டையும் இல்லை. அந்த அரிசி ஒரு தலைமுறையின் பசியை ஆற்றியது. அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நான்கு பேருக்குப் பொரியல் போதுமான அளவு செய்ய என்ன செலவாகும் என்று காய்கறிக் கடையில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், தட்டில் சோறு ஏன் மலைபோல் இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள்.

அடுத்தது, யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்பது. பல வீடுகளில் சமைத்தவள் உட்காரும்போது கூட்டுப் பாத்திரத்தில் ஒட்டியிருப்பது மட்டும் மிச்சம். முட்டை தீர்ந்திருக்கும். சோறும் ரசமும் தாராளமாக இருக்கும், அதைத் தின்பாள். பிள்ளைகள் தட்டில் விட்டதையும் வீணாக்க மனமில்லாமல் தின்பாள். பிறகு அவளுக்கு உடம்பு போட்டுவிட்டது என்று சொல்லி, சோற்றையும் நிறுத்தச் சொல்கிறோம். அவள் தட்டுக்குக் காய் வந்து சேராததைப் பற்றி எந்தச் சார்ட்டும் பேசுவதில்லை.

பழக்கம் எப்படி உண்டாகிறது என்பதையும் தப்பாகவே சொல்லித்தருகிறார்கள். 21 நாள் போதும் என்று ஒரு பேச்சு உண்டு. லண்டனில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழு 96 பேரைக் கவனித்தபோது, ஒரு செயல் யோசிக்காமலே வருமளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாள் ஆயிற்று; சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை என்று கணித்தார்கள். இடையில் ஒருநாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அத்தையின் லட்டு எதையும் கெடுக்கவில்லை. கெட்டுப்போயிற்று என்று அவரை நம்பவைத்ததுதான் கெடுத்தது.

அந்தச் சார்ட்டை அவர் கிழிக்கவில்லை, எங்கோ அலமாரியில் இருக்கிறது. முதலில் மாறியது அவர் உட்காரும் இடம்: பரிமாறுகிற வேலையை மாமா எடுத்துக்கொண்டதால் எல்லோருடனும் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அவரைக்காய் அரைக்கிலோ வாங்கிய வீட்டில் இப்போது ஒரு கிலோ வாங்குகிறார்கள். உலைக்கு அளக்கும் அரிசியில் ஒரு ஆழாக்கு குறைந்திருக்கிறது. யாரும் குறைக்கச் சொல்லவில்லை, மிஞ்சுகிறது என்று அவரே குறைத்தார். சாயங்காலம் மாரியம்மன் கோயில்வரை நடந்துவிட்டு வருகிறார், மழை நாளில் போவதில்லை. போன மாதம் பேத்தியின் பிறந்தநாள். கேசரி ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார், முந்திரியை மென்றபடி இன்னும் கொஞ்சம் நெய் விட்டிருக்கலாம் என்றார், மறுநாள் காலையில் வழக்கம்போல முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தார்.