பிடிப்பது வேறு, அன்பு வேறு

ஆங்கிலத்தில் 'லவ்' என்னும் சொல்லுக்கு இன்று வேலை மிகுதி, மதிப்புத்தான் குறைவு. கண்டித் தெருக்களில் ஒரு மணிநேரம் நடந்தால் இது விளங்கும். ஐஸ்கிறீமை 'லவ்' பண்ணுகிறார்கள். புதுச் செருப்பை 'லவ்' பண்ணுகிறார்கள். வாவிக்கரைக் காற்றையும் விட்டுவைப்பதில்லை. அதே வாயால், தொலைபேசியை வைக்கும்போது, 'லவ் யூ அம்மா' என்கிறார்கள். அம்மாவுக்கும் செருப்புக்கும் ஒரே வினைச்சொல்.

ஆங்கிலத்தின்மீது குற்றம் சுமத்த நான் வரவில்லை. அந்த மொழியில் இந்த வழக்கம் பழையது. ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களே கதைப்பாடல்களை இந்த வினையால்தான் விரும்பினர். உணவுக்கு ஒரு சொல், மனிதருக்கு வேறு சொல் என்று பழைய ஆங்கில ஆசிரியர்கள் திருத்திப் பார்த்துத் தோற்றார்கள். பிறகு விளம்பரம் அதைக் கையில் எடுத்தது. 1977இல் நியூயோர்க் மாநிலத்துக்காக மில்ற்றன் கிளேசர் அந்தச் சொல்லுக்குப் பதிலாகச் சிவப்பு இதயம் ஒன்றை வரைந்தார். 2003இல் மக்டொனால்ட்ஸ் நிறுவனம் அதைத் தன் உணவுக்கான உலக முழக்கமாக்கியது. அது அவர்கள் மொழி, செலவு அவர்களுடையது.

நம் மொழியின் கணக்கு வேறு. 'எனக்குத் தேநீர் பிடிக்கும்' என்கிறோம். இந்த வாக்கியத்தில் எழுவாய் நானல்ல, தேநீர். அதுதான் என்னைப் பிடிக்கிறது. நான் எதையும் செய்யவில்லை, எதற்கும் கடமைப்படவுமில்லை. அன்பு, பாசம், பரிவு, நேசம் ஆகியவை வேறு தளத்துச் சொற்கள். திருக்குறளில் அன்புடைமை எட்டாம் அதிகாரம். அதற்கு முன்னே மக்கட்பேறு, பின்னே விருந்தோம்பல். பெற்ற பிள்ளைக்கும் வாசலில் நிற்கும் அந்நியருக்கும் நடுவே அன்பை வைத்திருக்கிறது அந்த வரிசை. கொடுக்க வேண்டிய ஒருவர் இருபுறமும் நிற்கிறார். சுவைக்கப்படும் பண்டம் அங்கே இல்லை.

இந்த எல்லைதான் இப்போது அழிகிறது. 'நான் கிரிக்கெட்டை நேசிக்கிறேன்', 'இந்த பிஸ்கட்டைக் காதலிப்பீர்கள்' என்று ஆங்கில வாக்கியத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டி அனுப்புகிறார்கள். ஆசிரியபீடத்து மேசையில் இத்தகைய வாக்கியங்களைச் சிவப்பு மையால் வெட்டியே என் பேனைகள் பல தீர்ந்தன.

மொழி மாறத்தானே செய்யும் என்பர் சிலர். மாறட்டும். வாழ்நாளில் ஒருமுறையேனும் பாசத்தை வாய்விட்டுச் சொல்லாத நம் தந்தையரைவிட 'லவ் யூ' சொல்லும் பிள்ளைகள் மேல் என்றும் சொல்வர். ஒப்புக்கொள்கிறேன். மனிதரிடம் அதைச் சொல்வதில் எனக்கு வழக்கே இல்லை. பண்டத்திடம் சொல்லிச் சொல்லி, அந்தச் சொல் எதையும் கோராத சொல்லாகிவிட்டது என்பதே என் வழக்கு.

கண்டியில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கு வருவோர் எல்லோரும் இலங்கைத் தேயிலையை 'லவ்' பண்ணுகிறார்கள். பச்சை மலைகளையும், கூடையோடு நிற்கும் பெண்ணின் படத்தையுந்தான். கண்டி மாவட்டத்து லூல்கந்துராவில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அந்தத் தொழிலைத் தோளில் சுமந்தவர்களில் பெரும்பாலோரைச் சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைத்தது; அவர்கள் 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகம் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தது. அண்ணன் அக்கரை, தம்பி இக்கரை என்று குடும்பங்கள் பிரிந்தன. நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டு ஆயிற்று. லயன் அறைகளோ இன்னும் தீரவில்லை.

இத்தனை காலமும் உலகம் அந்தத் தேயிலையை 'லவ்' பண்ணிக்கொண்டுதான் இருந்தது. அந்த 'லவ்' ஒரு லயன் அறையின் கூரைத் தகரத்தையாவது மாற்றியதா? ஒரு நாள் சம்பளத்தையாவது கூட்டியதா? சம்பளம் கூடிய போதெல்லாம் கூட்டியது வேலைநிறுத்தமும் தொழிற்சங்கமும் பேச்சுவார்த்தையும்.

ஆங்கிலத்தில் எழுதியும் இந்த மலையை விலைப்பொருளாக்காதவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். தேயிலைத் தோட்டம் பற்றிய தம் நெடுங்கவிதையில், செடிக்கு அடியில் புதைந்து கிடக்கும் மனிதரைப் பார்த்தார். அதே மொழி, அதே மலை, பார்வைதான் வேறு. ஆகவே பழி மொழியின்மீது இல்லை, சொல்லைக் கையாளும் மனத்தின்மீதே.

தேநீர் உங்களுக்குப் பிடிக்கட்டும். எனக்கும் பிடிக்கும், நாளைக்கு நான்கு கோப்பை. பிடிக்கும் என்றே சொல்லுங்கள், அதில் பொய் இல்லை. அன்பு என்று சொல்ல விரும்பினால், கொழுந்து பறிப்பவளின் நாட்சம்பளம் எவ்வளவு, அவள் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கிறது என்று விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள். விசாரிக்க நேரமில்லாதவருக்கு 'பிடிக்கும்' என்ற சொல்லே போதுமானது.