வளைந்த அம்புக்கும் பொருள் உண்டு

கணிதம் என்றதும் எண்களும் சமன்பாடுகளும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. படமும் கணிதத்தின் மொழியே என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அம்மொழியைப் பிழையின்றி அச்சில் கோக்கக் கற்பது கணித மாணவரின் கடமைகளுள் ஒன்று என்பேன்.

1945இல் சாமுவேல் ஐலன்பர்க், சான்டர்ஸ் மக்லேன் ஆகிய இருவர் வெளியிட்ட கட்டுரையில் பிறந்தது 'கேட்டகரி தியரி' என்னும் வகைமைக் கோட்பாடு. இதில் பொருள்களைவிட அவற்றை இணைக்கும் அம்புகளுக்கே முதலிடம். 'அ' என்ற வகைமையிலிருந்து 'ஆ' என்ற வகைமைக்கு 'க', 'ச' என இரண்டு அம்புகள் செல்வதாகக் கொள்வோம். 'க'விலிருந்து 'ச'வுக்குச் செல்லும் வழியும் ஒன்று இருக்கக்கூடும். அதற்கு இயல்பு உருமாற்றம் என்று பெயர். இதை எப்படி வரைவது? ஓர் அம்பை வில்போல் மேலே வளைக்கிறோம். மற்றதைக் கீழே வளைக்கிறோம். இடையே கிடைக்கும் வெளியில் மேலிருந்து கீழாக இரட்டைக் கோட்டு அம்பை இடுகிறோம். அம்பிலிருந்து அம்புக்குச் செல்லும் அம்பு! இரண்டையும் நெருக்கி நேராகப் போட்டால் அது நிற்க இடமேது? ஆகவே இவ்வளைவு அழகுக்காக அன்று, பொருளுக்காக.

ஈய எழுத்துக் காலத்தில் இது பெருந்தொல்லை. அச்சுக் கோப்பவர் எழுத்துத் துண்டுகளை வரிசையாக அடுக்கினார். அவ்வடுக்கில் வளைகோடு பணியாது. தனியே வரைந்து 'பிளாக்' செய்தாக வேண்டும். அன்று அச்சகத்தாரைக் குறை கூறுவது நியாயமன்று.

இன்று அந்தச் சாக்குக்கு இடமில்லை. தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப் படிகள் மனத்துக்கு ஒவ்வாததால், டொனால்ட் க்னூத் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1977இல் 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு முறையை உருவாக்கத் தொடங்கினார். அதன் வழிவந்த 'லேடெக்'கும், அதனோடு சேரும் 'டிக்ஸ்' படக் கருவியும் இலவசம். அம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எப்பக்கம் வளைகிறது என்று எழுதினால் போதும். கணினியே வரைந்து தரும். 'ஸீலேடெக்' இருந்தால் தமிழ் எழுத்தையும் உடன் கோக்கலாம்.

ஆனால் நடப்பது என்ன? மூத்த மாணவர் ஒருவரின் ஆய்வேட்டை ஒரு கணினி அச்சகம் கோத்துத் தந்ததைப் பார்த்தேன். வளைந்த அம்புகள் இரண்டும் ஒரே நேர்கோடாகிவிட்டன. இரட்டை அம்பைக் காணவே இல்லை. அப்பக்கம் கணிதத்தில் வேறெதையோ சொல்லிற்று. தமிழில் உயர்கணிதம் படிக்க விரும்பும் ஏழை மாணவனின் கையில் இத்தகைய பக்கம் கிடைத்தால், தனக்கு அறிவு போதவில்லை என்றல்லவா அவன் எண்ணுவான்?

வளைகோடு நமக்கு அந்நியமன்று. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் நம் வாசற்கோலத்துக்கு இலக்கணம் வகுத்து 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். என் ஊர் தென்னேரி. இது காஞ்சிப் பட்டு நெய்யும் பகுதி. சேலையின் மாங்காயைக் கட்டத்தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, அதன்படி அட்டையில் துளையிட்ட பின்னரே தறியில் ஏற்றுகிறார்கள். ஒரு கட்டம் பிசகினால் மாங்காயின் மூக்குக் கோணிவிடும் என்று மீண்டும் மீண்டும் சரிபார்க்கிறார்கள். சேலைக்குக் காட்டும் அக்கறையை நூலுக்குக் காட்ட வேண்டாமா?

"கையால் வரைந்தால் போதாதா?" என்று நண்பர்கள் கேட்கலாம். குறிப்பேட்டுக்குப் போதும், பலர் படிக்கும் நூலுக்குப் போதாது.

எனவே நம் கணிதத் துறை, வாரம் ஒரு மணி நேரமேனும் கணினி அறையில் இப்பயிற்சியை அளிக்க வேண்டும். அடுத்த ஆண்டு மலரில் ஒரு கணிதக் கட்டுரையேனும், படங்கள் சிதையாமல், மாணவர் கையாலேயே கோக்கப்பட்டு வர வேண்டும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டட்டும். உழைக்க நாங்கள் தயார்!