தோற்ற படைக்கும் வரலாறு உண்டு

யூனியன்வில்லில் நாலு தமிழர் கூடினால் 'வியட்நாமைப் பாருங்கோ' என்று ஒருவராவது சொல்லுவார். வென்ற வடக்கைத்தான் சொல்லுகினம். தோற்ற தென்வியட்நாமின் 18ஆவது காலாட்படைப் பிரிவை யாருக்குத் தெரியும்?

1965இல் அது 10ஆவது பிரிவாகத் தொடங்கியது. அமெரிக்கச் சிப்பாய்களின் பேச்சில் 'நம்பர் டென்' என்றால் படுமோசம். அதனால் 1967இல் எண்ணையே மாற்றினார்கள். 1975 ஏப்ரலில் சுவான் லொக் நகரை 12 நாள் விட்டுக்கொடுக்காமல் நின்றது அதே பிரிவுதான். சைகோன் விழுந்தபின் தளபதி லே மின் டாவோ 17 ஆண்டுகள் சிறைமுகாமில் கிடந்தார்.

வென்றவருக்கு அருங்காட்சியகம் இருக்கு. தோற்றவருக்கு நினைவு மட்டும்தான். எங்கடை கதையும் அதுதானே? 2009இல் தப்பி வந்தவர்கள் எங்களோடுதான் இருக்கினம். புகழ் பாடுவதற்கும் பழி சொல்லுவதற்கும் முன்னம், அவர்கள் சொல்லுவதைக் குறைநிறையோடு பதிவு செய்யுங்கோ. பிந்தினால் சொல்ல ஆள் இருக்காது.